மருந்துக்கு அடங்காத வலிப்பும் இரத்தம் கூறும் செய்தியும்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உண்மையான முதல் எது என்று வினவினால், பங்குத் தொகை என்பர் சிலர். சேமநிதி என்பர் வேறு சிலர். நாமோ அங்கத்தினரின் உழைப்பே முதல் என்போம். தறியில் அமரும் கைகளும் வயலில் இறங்கும் கால்களும் ஓய்ந்துவிடின், பேரேட்டில் எழுதப்பட்ட தொகைகள் வெறும் எண்களாகவே நிற்கும். ஆதலின் அங்கத்தினர் குடும்பம் ஒன்றில் புகுந்து நீடிக்கும் நோய் அக்குடும்பத்தின் கவலை மட்டுமன்று. சங்கத்தின் கவலையும் ஆகும். அத்தகைய நோய்களுள் ஒன்று வலிப்பு. அதிலும் மருந்துக்கு அடங்காத வலிப்பைப் பற்றியும், அதன் காரணத்தை இரத்தத்தில் தேடும் ஆராய்ச்சியைப் பற்றியும் இங்கு எழுதப் புகுகின்றோம்.

இதனை எழுதத் தூண்டியது அங்கத்தினர் கேட்ட கேள்வியே. தணிக்கைக்காகச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், செயலாளர் நம்மிடம் ஒரு கடன் மனுவைக் காட்டினார். மகனுக்கு மூன்று ஆண்டுகளாக மாத்திரை கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றும், இரத்தத்தைச் சோதித்தால் காரணம் தெரிந்துவிடும் எனக் கேள்விப்பட்டதால் அச்சோதனைக்குப் பணம் வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. "இது உண்மைதானா, ஐயா? இரத்தத்தைப் பார்த்தே எந்த மருந்து கேட்கும் என்று சொல்லிவிடுவார்களா?" என்று மனுதாரர் நேரிலும் வினவினார். கேள்வி நியாயமானது. விடை 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் அடங்காது. மருத்துவ நூல்களிலிருந்து நாம் அறிந்தவற்றை, இத்தகைய கேள்வியுள்ள பிற அங்கத்தினர்க்கும் பயன்படும் என்னும் நோக்கத்துடன் தருகின்றோம்.

வலிப்பு என்பது யாது?

மூளையிலுள்ள நரம்பணுக்கள் மிகச் சிறிய மின்னோட்டங்களின் வாயிலாக ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளுகின்றன. இவ்வோட்டம் ஓர் ஒழுங்கில் நடைபெறும் வரையில் நாம் பேசுகிறோம், நடக்கிறோம், நூலை எடுத்துப் பிணைக்கிறோம். ஒரு பகுதியிலுள்ள அணுக்கள் பலவும் ஒருங்கே அளவு மீறிக் கிளர்ந்தெழுமாயின் வலிப்பு உண்டாகிறது. சிலருக்கு உடல் முழுவதும் விறைத்து உதறும். சிலர் சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நிகழாததுபோல் இருப்பர். சிலருக்கு ஒரு கை மட்டும் துடிக்கும். உடனடிக் காரணம் ஏதுமின்றி இவ்வாறு மீண்டும் மீண்டும் நேருவதையே வலிப்பு நோய் என்கிறோம். இது பேயின் வேலையன்று, முன்வினைப் பயனுமன்று, ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதுமன்று.

உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. தக்க முறையில் நோயறிந்து சிகிச்சை அளித்தால், இவர்களுள் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. இஃது ஆறுதல் அளிக்கும் செய்தி. எஞ்சிய 30 பேரின் நிலை என்ன என்பதே நம் கட்டுரையின் பொருள்.

மூவரில் ஒருவர்

வலிப்புக்கான மருந்துகளின் வரலாறு நீண்டது. 1857ஆம் ஆண்டில் லண்டன் நகர மருத்துவர் சார்லஸ் லோகாக் புரோமைடு உப்பின் பயனை எடுத்துரைத்தார். 1912ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் பீனோபார்பிட்டால் என்னும் மருந்து வலிப்பைத் தணிப்பதைக் கண்டறிந்தார். 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மெரிட், புட்னம் என்னும் இருவர் பெனிட்டாயினின் ஆற்றலை வெளியிட்டனர். பின்னர்க் கார்பமாசெபைன், வால்புரோயேட், லெவெட்டிரசெட்டம் முதலியன வந்தன. இன்று மருத்துவர் கையில் 20-க்கு மேற்பட்ட மருந்துகள் உள்ளன.

இத்தனை மருந்துகள் வந்தும் அடங்காதோர் தொகை குறைந்ததா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. அதுவரை மருந்தே உண்ணாதிருந்த 470 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். முதல் மருந்திலேயே 222 பேர் வலிப்பினின்றும் விடுபட்டனர். இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தினால் மேலும் 67 பேர் குணம் கண்டனர். இரு மருந்துகளைச் சேர்த்து உண்டதால் விடுபட்டவர் 12 பேரே. முதல் மருந்து ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பயன்பட, அடுத்தடுத்த மருந்துகளின் பயன் விரைந்து குறைந்துவிடுவதை இக்கணக்கு காட்டுகிறது. அதே நகரில் 30 ஆண்டுக் காலத்தில் 1,795 பேரைக் கவனித்த ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலும் வலிப்பின்றி இருந்தோர் 100-க்கு 64 பேர் என்ற அளவிலேயே நின்றனர். புதிய மருந்துகள் சிலவற்றில் தொல்லைகள் குறைவாக இருக்கலாம். அடங்காத மூன்றில் ஒரு பங்கினரின் தொகையை அவை பெரிதும் மாற்றிவிடவில்லை.

ஒருவரை 'மருந்துக்கு அடங்காதவர்' என்று எப்போது கூறுவது? நோய்க்குப் பொருத்தமான, உடல் தாங்கக்கூடிய இரு மருந்துகளைப் போதிய அளவிலும் போதிய காலமும் முறையாக உண்டும் வலிப்பு நிற்காவிடில், அவ்வாறு கொள்ளலாம் என வலிப்பு மருத்துவர்களின் சர்வதேசக் கழகம் 2010ஆம் ஆண்டில் வரையறுத்தது. இதில் 'பொருத்தமான', 'போதிய', 'முறையாக' என்னும் மூன்று சொற்களையும் அங்கத்தினர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சங்கத்தில் ஒருவர் தவணை தவறினால் உடனே அவரைத் தவறியோர் பட்டியலில் எழுதிவிடுகிறோமா? கடன் உரிய காலத்தில் அவர் கைக்குச் சேர்ந்ததா, தொகை போதியதா, நூல் கிடைத்ததா, மழை பொய்த்ததா என்று விசாரித்த பின்னரே எழுதுகின்றோம். மருந்தின் விஷயமும் அத்தகையதே. வாரத்தில் இரு வேளை மாத்திரை தவறியிருந்தால், அடங்காதது நோயன்று, தவறியது வேளையே.

அழற்சி என்னும் கனல்

முறையாக உண்டும் மருந்து பலிக்காதிருப்பதன் காரணம் யாது? அறிஞர்கள் கூறும் காரணங்கள் பல. அவற்றுள் அண்மைக் காலத்தில் மிகுதியாக ஆராயப்படுவது அழற்சி.

விரலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கிறது. உடலின் காவலணுக்கள் அங்கே திரண்டு போராடுவதன் அடையாளம் இது. இதற்கே அழற்சி என்று பெயர். காவலணுக்கள் ஒன்றையொன்று அழைப்பதற்குச் சில புரதங்களைத் தூதுவராக அனுப்புகின்றன. இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். என்பன அத்தூதுவர் சிலரின் பெயர்கள். முள்ளை எடுத்துவிட்டால் சில நாளில் இக்கனல் தணிந்துவிடும். தணியாது புகைந்துகொண்டே இருக்குமாயின் அதுவே தீங்காகிறது.

மூளையிலும் இவ்வாறு நிகழக்கூடும். இத்தாலியின் மிலான் நகரிலுள்ள மாரியோ நெக்ரி ஆராய்ச்சி நிலையத்தில் அன்னமாரியா வெஸ்ஸானி என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் பல்லாண்டுகளாக இதனை ஆராய்ந்து வந்துள்ளனர். எலிகளின் மூளையில் இன்டர்லூகின்-1 மிகுந்தால் வலிப்பு வலுப்பதை அவர்கள் கண்டனர். ஊறுபட்ட அணுக்களிலிருந்து வெளிப்படும் எச்.எம்.ஜி.பி.1 என்னும் புரதமும் வலிப்பைத் தூண்டுகிறது என்பதையும், அதன் வழியை அடைத்தால் சுண்டெலிகளில் வலிப்பு குறைகிறது என்பதையும் 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மருந்துக்கு அடங்காமல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரின் மூளைத் திசுவிலும் அழற்சியின் அடையாளங்கள் காணப்பட்டன.

இதில் ஒரு தீய சுழற்சி உண்டு. வலிப்பு வந்தால் அழற்சி மிகுகிறது. அழற்சி மிகுந்தால் நரம்பணுக்கள் எளிதில் கிளர்ந்தெழுகின்றன. அதனால் அடுத்த வலிப்பு வருகிறது. இஃதன்றி, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே காவற்சுவர் ஒன்று உண்டு. வேண்டாத பொருள்கள் மூளையில் புகாவண்ணம் அவற்றை வெளியே இறைத்துத் தள்ளும் புரதங்கள் அச்சுவரில் உள்ளன. வலிப்பும் அழற்சியும் இவ்விறைப்பான்களைப் பெருக்கிவிடுவதால், உண்ட மருந்தும் மூளைக்குள் போதிய அளவு சேராமல் தள்ளப்படலாம் என்பது அறிஞர் சிலரின் கருத்து. வழக்கமான மாத்திரைகள் மின்கிளர்ச்சியைத் தணிக்கவே ஏற்பட்டவை. அடியில் புகையும் கனலை அவை அணைப்பதில்லை.

இரத்தம் கூறுவதும் கூறாததும்

மூளையைத் திறந்து பார்க்க இயலாது. இரத்தத்தை ஊசியால் எளிதில் எடுக்கலாம். ஆகவே அழற்சியின் அடையாளங்களை இரத்தத்தில் தேடினர். தூதுவருள் இன்டர்லூகின்-6 முக்கியமானது. அது கல்லீரலைத் தூண்ட, கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதம் என்பதை உண்டாக்குகிறது. சி.ஆர்.பி. என்று மருத்துவமனைச் சீட்டில் எழுதப்படுவது இதுவே. 1930ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

வலிப்பு நோயாளிகள் பலரின் இரத்தத்தில் இவ்விரண்டும் ஏனையோரைவிடச் சராசரியில் மிகுந்திருப்பதை ஆய்வுகள் பல கண்டுள்ளன. மருந்துக்கு அடங்கியோரைக் காட்டிலும் அடங்காதோரிடம் மிகுதி எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. அழற்சிக்கும் அடங்காமைக்கும் தொடர்பு உண்டு என்னும் எண்ணத்துக்கு இவை வலுவூட்டுகின்றன.

ஆயினும் சராசரி வேறு, தனியொருவர் வேறு. நன்கு அடங்கியவரிடமும் இப்பொருள்கள் மிகுந்திருக்கலாம். அடங்காதவரிடம் குறைந்தும் இருக்கலாம். வலிப்பு வந்த சில மணி நேரத்துக்குள் இன்டர்லூகின்-6 தானாகவே உயர்கிறது. ஆதலின் அது வலிப்பின் காரணமா, விளைவா என்பதை ஒரு துளி இரத்தம் உரைக்காது. காய்ச்சல், பல் ஈறு வீக்கம், மூட்டு நோய், உடற்பருமன், புகைப்பழக்கம் ஆகியவற்றாலும் சி.ஆர்.பி. உயரும். இருப்புச் சரிபார்க்கையில் 10 கிலோ நூல் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைவு உண்மையே. அது சாயச் சாலையில் குறைந்ததா, பாவு ஓடுமிடத்தில் குறைந்ததா, நிறுவையில் நேர்ந்த பிழையா என்பதை அவ்வெண் தெரிவிப்பதில்லை. இரத்தத்திலுள்ள அழற்சிக் குறிகளும் அவ்வாறே.

அழற்சியைத் தணிக்கும் மருந்து கொடுத்தால் வலிப்பு நிற்குமா என்றும் சோதித்தனர். நரம்புறை தேயும் வேறொரு நோய்க்கு வழங்கும் நட்டாலிசுமாப் என்னும் மருந்தை, மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 66 பேரிடம் ஆராய்ந்து 2021ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். எதிர்பார்த்த அளவு பயன் கிட்டவில்லை. எனினும் சில தனி வகைகளில் நிலை வேறு. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பில் ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோன் ஊசி பலிப்பதை 1958ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளனர். அதுவும் ஸ்டீராய்டு மருந்தும் இன்றும் வழங்கப்படுகின்றன. காய்ச்சலுக்குப் பின் திடீரென மூண்டு நில்லாது தொடரும் அரிய வலிப்பில், மூட்டுவாதத்துக்கான அனகின்ரா என்னும் மருந்து குழந்தைகள் சிலருக்கு உதவியுள்ளது. உடலின் காப்புப் புரதங்களே மூளையைத் தாக்குவதால் வரும் வலிப்பும் உண்டு. அதில் ஒரு முக்கிய வகையை டாக்டர் ஜோசப் டால்மௌ 2007ஆம் ஆண்டில் விளக்கினார். அவ்வகையில் இரத்தத்தையும் தண்டுவட நீரையும் சோதிப்பது நோயை உறுதி செய்து, சிகிச்சையையே மாற்றிவிடும்.

ஆகவே மனுதாரரின் கேள்விக்கு விடை இது. மருத்துவர் ஒரு குறிப்பிட்ட ஐயத்தின் பேரில் எழுதிக் கொடுக்கும் இரத்தச் சோதனை அவசியமானது. உண்ட மருந்து இரத்தத்தில் போதிய அளவு உள்ளதா என்று பார்ப்பதும் பயனுடையதே. ஆனால் இன்டர்லூகினையோ சி.ஆர்.பி.யையோ அளந்து, இவருக்கு இந்த வலிப்பு மாத்திரை பலிக்கும் என்று தேர்ந்தெடுக்கும் முறை இன்று மருத்துவ வழக்கில் இல்லை. அதற்கெனக் கடன் வாங்குவது வீண் செலவு.

வேலூர் காட்டும் பாடம்

அழற்சியும் வலிப்பும் கைகோத்து நிற்பதை நம் நாட்டிலேயே தெளிவாகக் காணலாம். பன்றி நாடாப்புழுவின் முட்டை, அப்புழுவைக் குடலிற் கொண்டவரின் மலத்தின் வழியாக வெளிப்பட்டு, கழுவாத கையாலும் காய்கறியாலும் நீராலும் பிறர் வயிற்றை அடைகிறது. பன்றி இறைச்சியே உண்ணாதவருக்கும் இது வரும். முட்டையிலிருந்து வெளிப்படும் சிறு புழு மூளையை அடைந்து நீர்க்கட்டியாகத் தங்கும். உயிருள்ள வரையில் அது பெரும்பாலும் ஓசையின்றி இருக்கும். அது மடியும்போதுதான் உடல் அதனை எதிர்த்து அழற்சியை மூட்டுகிறது. வலிப்பும் அப்போதே வருகிறது. இதனாலேயே மருத்துவர்கள் வலிப்பு மாத்திரையுடன் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டையும் புழுக்கொல்லி மருந்தையும் ஆராய்ந்து தருகின்றனர். பூச்சி மருந்தைத் தாமாக வாங்கி உண்பது ஆபத்து.

வேலூர் மாவட்டத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் நடத்தி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 1,000 பேருக்கு ஏறத்தாழ 4 பேரிடம் வலிப்பு நோய் இருந்தது; அவர்களுள் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுவே காரணமாயிருந்தது. கழிப்பிடம் கட்டுவதும், மலங் கலந்த நீரைக் காய்கறிப் பாத்திக்குப் பாய்ச்சாதிருப்பதும், பன்றிகளைத் தெருவில் திரிய விடாதிருப்பதும் வலிப்பைத் தடுக்கும் பணிகளே என்பதை விவசாய அங்கத்தினர் உணர்வாராக.

அங்கத்தினர் செய்யத் தக்கவை

முதலாவதாக, மாத்திரை வேளை தவறாதிருக்க வேண்டும். வலிப்பு நின்றுவிட்டது என்றோ, பலனில்லை என்றோ திடீரென நிறுத்துதல் கூடவே கூடாது. ஓயாத வலிப்பு மூண்டு உயிருக்கே இடராகும். கருவுற்ற பெண்டிரும், கருவுறும் எண்ணமுள்ளோரும் மாத்திரையைத் தாமாக விடாது மருத்துவரைக் கலந்துகொள்ளல் வேண்டும்.

இரண்டாவதாக, உறக்கம் காக்க வேண்டும். தீபாவளிச் சரக்கை முடித்துக் கொடுக்க இரவு முழுவதும் தறியில் அமருவதும், இரவில் கண்விழித்து நீர் பாய்ச்சுவதும் நம் அங்கத்தினர்க்கு வழக்கம். உறக்கமின்மையும் மதுவும், நன்கு அடங்கியிருந்த வலிப்பையும் எழுப்பிவிடும். வலிப்புள்ள அங்கத்தினர்க்குப் பகல் வேலையே கிடைக்குமாறு சங்கங்கள் வேலைப் பங்கீட்டை அமைக்கலாம். கிணற்றில் தனியே இறங்குவதும் சாயக் கொப்பரையருகே தனித்து நிற்பதும் அவருக்குத் தகாதவை.

மூன்றாவதாக, ஒரு குறிப்பேடு வைக்க வேண்டும். வலிப்பு வந்த தேதி, நேரம், நீடித்த நிமிடம், முந்தைய நாள் உறக்கம், தவறிய மாத்திரை ஆகியவற்றை நாட்குறிப்பைப் போல் எழுதி வந்தால் மருத்துவருக்கு அது பேருதவியாகும். கைபேசியில் படம் எடுத்துக் காட்டினாலும் நன்று. வலிப்புப் போலத் தோன்றும் வேறு நிலைகளைப் பிரித்தறிய அது உதவும்.

நான்காவதாக, இரு மருந்துகள் முறையாகப் பார்த்தும் வலிப்பு நிற்காவிடில், மூன்றாவது, நான்காவது மாத்திரை என்று ஆண்டுகளைக் கழியவிடாது, வலிப்புக்கெனத் தனிப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு மூளை மின்பதிவும் எம்.ஆர்.ஐ. படமும் எடுத்து, வலிப்பின் பிறப்பிடம் ஒரே பகுதியில் உள்ளதா எனப் பார்ப்பர். அவ்வாறிருந்தால் அறுவைச் சிகிச்சை சிலருக்குப் பொருந்தும். கனடாவில் 80 பேரிடம் நடத்தி 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், நினைவிழக்கச் செய்யும் வலிப்பினின்றும் ஓராண்டு விடுபட்டோர் அறுவை செய்துகொண்டவருள் 100-க்கு 58. மருந்து மட்டும் உண்டவருள் 8. டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை 116 சிறார்களிடம் நடத்தி 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில் இவ்விகிதம் 77-க்கு 7. அறுவையால் கை கால் பலவீனம் முதலிய தொல்லைகள் சிலருக்கு நேர்ந்தமையையும் சொல்லவேண்டும். ஆராய்ந்தே முடிவு செய்வர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995ஆம் ஆண்டு முதல் இவ்வறுவை நடைபெறுகிறது.

ஐந்தாவதாக, வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்கடியில் மெத்தென்ற துணியை வைத்தல் போதும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், பல்லிடையே கரண்டியை நுழைப்பதும், தண்ணீர் புகட்டுவதும் தீங்கே. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நோயை மறைப்பதும் அதனால் சிகிச்சை தவறுவதும் பெரும்பாலும் திருமணப் பேச்சை எண்ணியே நிகழ்கின்றன. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு குறையாக எழுதப்பட்டிருந்த பகுதி 1999ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் விட்டதை நாம் பற்றிக்கொண்டிருத்தல் நன்றன்று.

மேற்சொன்ன மனுவின் முடிவையும் கூறிவிடுகின்றோம். சோதனைக்கெனக் கேட்ட தொகையைப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லும் பயணச் செலவுக்கும், அந்நாள்களில் இழக்கும் கூலிக்கும் என மாற்றி எழுதித் தருமாறு மனுதாரரிடம் கூறினோம். அவ்வாறே எழுதப்பெற்று, நிர்வாகக் குழு அதனை ஏற்றுக்கொண்டது. இத்தகைய மனு வேறு சங்கங்களுக்கு வருமாயின், பணம் எதற்கு என்பதை இவ்வண்ணம் பரிவுடன் விசாரித்து ஆவன செய்யுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.